திருகோணமலையில் பசியாற...

திருகோணமலை நகருக்கு வருவோரை இரண்டு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் ஊர் பார்க்க வருபவர்கள். கடலையும் கோட்டையையும் கண்டு களித்துவிட்டு இரண்டொரு நாளில் திரும்பிவிடுவார்கள். மறு சாரார் காரியமாக வருபவர்கள். மூதூர், கிண்ணியா, புல்மோட்டை, வெருகல் என்று மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் பொது ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து, வேலை முடிந்ததும் மாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள். பஸ் காசு போக இவர்களில் பலரது கையில் மிஞ்சுவது சொற்பமே. பகல் பன்னிரண்டு மணியானால் இரு சாராருக்கும் எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: எங்கே சாப்பிடுவது?

வாசக நேயர்களே! மாணவர்களை அழைத்துக்கொண்டும், நோயாளிகளை நலம் விசாரிக்கவும் இந்நகருக்குப் பல தடவை வந்து போனவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். இங்கே காசு குறைவு என்பதற்காக யாரும் பட்டினியோடு திரும்ப வேண்டியதில்லை. காசு இருக்கிறது என்பதற்காக ஏமாறவும் வேண்டியதில்லை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

நகரின் அமைப்பு

நகரின் பழைய பகுதி ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. கிழக்கே ஒல்லாந்தர் குடாவும் திறந்த கடலும், மேற்கே உள்துறைமுகம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டுக்கும் இடையில்தான் மத்திய பஸ் நிலையம், சந்தை, பிரதான வீதி, பெரியகடை, தபாற்கந்தோர் வீதி, டொக்யார்ட் வீதி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆகவே சாப்பாட்டுக் கடை தேடி ஆட்டோவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

உலகின் மிகப்பெரும் இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற பெருமையே இவ்வூருக்குப் பல எஜமானர்களைக் கொண்டு வந்தது. 1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாகியது. 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் கொண்டு வந்தவற்றில் சில நமது தட்டில் தங்கிவிட்டன. காலையில் நாம் கேட்கும் 'பாண்' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பெருநாளுக்கு நம் வீடுகளில் அவிக்கும் வட்டிலப்பம் மலாய்க்காரர் வழியாக வந்ததென்பார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. துறைமுகத்தின் ஓரமாகச் சீனக்குடாவில் நிற்கும் பிரிமா மாவு ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கப்பலில் வந்திறங்கும் கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் போகிறது. கொழும்பிலோ கண்டியிலோ நீங்கள் பிய்த்துச் சாப்பிடும் பராட்டாவின் மாவு இந்தத் துறைமுகத்தில் அரைபட்டதாக இருக்கக்கூடும்.

காலை: சில்லறைக் காசு போதும்

தமிழகத்து வாசகர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 'ஹோட்டல்' என்று பலகை தொங்கினால் அங்கே தங்க அறை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டுக் கடைதான்.

பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். சுபஹு தொழுதுவிட்டு வருபவர்களும், கடலிலிருந்து கரையேறியவர்களும், முதல் பஸ்ஸுக்கு வந்தவர்களும் அங்கே கூடுவார்கள். குறைந்த செலவில் வயிறு நிரம்ப வேண்டுமா? பாணும் பருப்புக் கறியும் கேளுங்கள். அல்லது தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். இடியப்பம் என்றால் சம்பலும் சொதியும் கூடவே வரும். பிட்டுக்கு மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள். கடைசியில் ஒரு பிளேன்டீ. பால் தேநீரை விட விலை குறைவு. வெயில் ஊருக்கு உடம்புக்கும் நல்லது.

சில கடைகளில் நீங்கள் கேட்காமலேயே ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். புதிதாக வருபவர்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்குத்தான் காசு. மீதி அடுத்தவருக்குப் போகும். ஆகையால் எடுத்துத் தடவிப் பார்த்துத் திரும்ப வைப்பது அழகல்ல. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பலகாரங்கள் வெகுநேரம் திறந்து கிடந்தால், அப்போது சுட்டு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இறைச்சியைப் பற்றிய யோசனையே வேண்டாம் என்பவர்கள் டொக்யார்ட் வீதிப் பக்கமுள்ள சைவக் கடைகளுக்குப் போகலாம். தோசை, இட்டலி, சாம்பார், உளுந்து வடை என்று சொற்ப விலையில் பசியாறலாம். அங்கே நம்மவர்கள் தொப்பியோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுவது புதினமான காட்சியல்ல.

பகல்: சோறும் கறியும்

இந்நகரில் சாப்பாட்டின் உண்மையான மதிப்பை அறியப் பகல் நேரமே ஏற்றது. சோற்றோடு ஒரு மீன் துண்டு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, கீரைச் சுண்டல் அல்லது சம்பல், ஓர் அப்பளம். பெரும்பாலான கடைகளில் சோறும் மரக்கறியும் இரண்டாம் முறை கேட்டால் வைப்பார்கள். மீனுக்கும் இறைச்சிக்கும்தான் மேலதிகக் காசு. கந்தளாய், தம்பலகாமம் வயல்களின் நெல் பக்கத்திலேயே விளைகிறது. மீன் அதைவிடப் பக்கத்தில். ஆகவே சோறு-கறியை மிஞ்சிய சாப்பாடு இங்கே இல்லை என்பேன்.

மீனைத் தெரிவு செய்வதிலும் ஒரு விவேகம் இருக்கிறது. அறுக்குளா என்று நாம் சொல்லும் மீனை, தமிழகத்தார் வஞ்சிரம் என்பார்கள். அது விலை கூடிய மீன். பாரையும் அப்படித்தான். சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் மலிவு. முறுகப் பொரித்த சூடையோடு சோறு சாப்பிட்டவர் அறுக்குளாவைத் தேட மாட்டார். கிழக்குக் கரையில் சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும், மீன் தாராளம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். படகுகள் போக முடியாது. மீன் விலை ஏறும். அந்த நாட்களில் முட்டைக் குழம்போ கருவாட்டுக் கறியோ கேட்பது புத்திசாலித்தனம்.

காசு மட்டாக இருப்பவர்களுக்கு ஒரு வழி: 'பார்சல்' வாங்குங்கள். கடையில் உட்கார்ந்து உண்ணும் அளவை விடப் பார்சலில் சோறு கூடுதலாக இருப்பது வழக்கம். ஒரு தாயும் சிறு பிள்ளையும் ஒரு பார்சலில் பசியாறலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக நிற்கும் பெண்கள் பலரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆண்கள் நெருக்கியடிக்கும் கடைகளுக்குள் போகக் கூச்சப்படும் சகோதரிகளுக்கும் இது வசதி. கடற்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் சாப்பாடு சுற்றிய தாளையும் பையையும் அங்கேயே எறிந்துவிட்டு எழும்பாதீர்கள். கோட்டைக்குள்ளும் நகருக்குள்ளும் திரிகின்ற புள்ளிமான்கள் அவற்றையும் தின்றுவிடுகின்றன. நமது ஒரு வேளைச் சாப்பாடு ஒரு வாயில்லா ஜீவனுக்கு விஷமாகக் கூடாது.

வெள்ளிக்கிழமை வருபவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். தொழுகை முடிந்ததும் கூட்டம் அலைமோதும். ரமழானில் பகலில் அநேக முஸ்லிம் கடைகள் திறப்பதில்லை. ஆனால் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். பாத்திரம் கொண்டு வருபவரை நீ எந்த மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கோயில் திருவிழாக் காலத்தில் இந்து சகோதரர்கள் அன்னதானம் கொடுக்கிறார்கள். வெசாக் காலத்தில் பௌத்த சகோதரர்கள் 'தன்சல்' என்று பந்தலிட்டு வழிப்போக்கர்களுக்கு உணவளிக்கிறார்கள். மூன்று சமூகத்தாரும் தத்தமது வழியில் பசித்தவருக்கு ஊட்டும் ஊர் இது.

மாலையும் இரவும்

அஸருக்குப் பின் ஒல்லாந்தர் குடாக் கடற்கரை உயிர் பெறும். அவித்த கடலை, இறால் வடை, ஐஸ்கிரீம் விற்பவர்கள் வருவார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் அதிகச் செலவின்றி ஒரு மாலையைக் கழிக்கலாம்.

மஃரிபுக்குப் பிறகு நகரின் ஓசையே மாறிவிடும். சூடான தட்டுக் கல்லில் இரண்டு தகடுகள் தாளம் போட, கொத்துரொட்டி தயாராகும். இந்தக் கொத்து கிழக்குக் கரையில் பிறந்து கொழும்புக்குப் போனதென்று நம்மூரார் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவருக்கென்று தரும் கொத்து பல கடைகளில் இருவருக்குப் போதும். மரக்கறிக் கொத்து, முட்டைக் கொத்து, கோழிக் கொத்து என்று விலை படிப்படியாக ஏறும். வெறும் பராட்டா இரண்டும் இறைச்சிக் குழம்பும் கேட்டால் செலவு இன்னும் குறையும்.

கொஞ்சம் தாராளமாக

குடும்பத்தோடு வந்து ஒரு வேளை நன்றாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் பகலில் புரியாணிக் கடைக்குப் போகலாம். பெண்களும் பிள்ளைகளும் தனியாக அமர இடம் உண்டா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். ஆறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணும் 'சஹன்' முறையில் தருவார்களா என்றும் கேளுங்கள். முற்கூட்டியே சொல்லி வைத்தால் சில இடங்களில் ஒழுங்கு செய்வார்கள். தனித்தனித் தட்டு வாங்குவதை விடச் செலவு மட்டுப்படும், சோறும் வீணாகாது.

இன்னும் செலவழிக்க வசதியுள்ளவர்களுக்கு, உள்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலக் கட்டிடமொன்றில் டச்சு பேங்க் கஃபே இருக்கிறது. துறைமுகத்தைப் பார்த்தபடி அமரலாம். அதற்கும் மேலே போனால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்கள். அங்கே ஒரு சங்கதியை மறக்க வேண்டாம். பட்டியலில் எழுதிய விலையோடு முடியாது. பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது பெரிய ஹோட்டல்களின் வழக்கம். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இவை விலைக்குள் அடக்கமா, வெளியேயா என்று உட்காருமுன் கேளுங்கள். மீனையும் இறாலையும் நிறையில் விற்கும் இடமானால், அடுப்பில் ஏறுமுன் நிறையையும் விலையையும் பேசிக் கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் சண்டை பிடிப்பது மரியாதைக்கும் குறைவு, செரிமானத்துக்கும் கேடு.

ஊர் திரும்பும்போது வீட்டுக்கு என்ன கொண்டு போவது? கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரை மண் சட்டியோடு வாங்குங்கள். கித்துள் பாணியோ சீனியோ சேர்த்தால் அது தனி விருந்து. முன்பெல்லாம் கிண்ணியாத் துறையைப் 'பாதை' எனும் மிதவையில்தான் கடக்க வேண்டியிருந்தது. 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பிறகு, தயிர்ச் சட்டியும் ஆற்றைக் கடக்கக் காத்து நிற்பதில்லை.

ஹலால் பற்றி

முஸ்லிம் கடைகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பெரிய ஹோட்டல்களிலும் பொதி செய்த பொருட்களிலும்தான் கவனம் தேவை. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கி வந்த ஹலால் சான்றிதழ் 2013இல் பெரும் சர்ச்சைக்குள்ளானது. அதன்பின் அப்பணியை ஜம்இய்யா விட்டுவிட, 2014 முதல் ஹலால் அங்கீகாரப் பேரவை என்ற தனி நிறுவனம் நடத்தி வருகிறது. சான்றிதழ் இல்லாத இடத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்: இறைச்சி எங்கிருந்து வருகிறது? பன்றி இறைச்சி சமைக்கிறீர்களா? அதே சட்டி, அதே எண்ணெயா? பண்போடு கேட்டால் பண்போடு பதில் சொல்வார்கள்.

கடலுணவில் மத்ஹபு வேறுபாடு உண்டு. ஹனஃபிகளுக்குக் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும்; இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களின் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை. ஷாஃபிஈ மத்ஹபில் இறாலுக்குத் தடையில்லை. ஆனால் நீரிலும் நிலத்திலும் வாழும் நண்டை இமாம் நவவீ தடுக்கப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நண்டுக் கறிக்குப் பேர்போன ஊர் என்று யாராவது சொன்னால், உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றபின் கை வையுங்கள்.

விலையும் உரிமையும்

இன்ன கடையில் இன்ன விலை என்று எழுதாதது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நாடே கடனில் மூழ்கியது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததை விட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. பின்னர் அந்த வேகம் தணிந்தது. ஆனால் பழைய விலை திரும்பி வரவில்லை. எனவே எந்தக் கடை என்பதை விட, எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்பதே நிலையான வழிகாட்டி.

உங்களுக்கு உரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வியாபாரி விலையைக் கண்ணில் படும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். விலைப்பலகை இல்லாத கடையில், "தம்பி, ஒரு சாப்பாடு எவ்வளவு?" என்று முதலில் கேட்பதில் எந்தக் கேவலமும் இல்லை. காசை எண்ணிப் பார்த்துச் சாப்பிடுபவர் கண்ணியக் குறைவானவர் அல்லர். கடன் வைத்துவிட்டு எழும்பாதவர் அவர்.

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடை வாசலில் நின்று விலைப்பலகையைப் பார்த்துத் தயங்கும் ஒரு வயோதிபரையோ, பிள்ளையைக் கையில் பிடித்த தாயையோ கண்டால், "உள்ளே வாங்க" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அரைச் சாப்பாடு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வியாபாரத்தில் பரக்கத் அங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கையின் மேசை

சாப்பாட்டுக் கடை நடப்பது நம்பிக்கையால்தான். கண்ணுக்குத் தெரியாத அடுப்பில், முன்பின் அறியாத ஒருவர் சமைத்ததை நாம் வாயில் வைக்கிறோம். அந்த நம்பிக்கை உடைந்தால் என்னவாகும் என்பதை நமது கிழக்கு மாகாணம் கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பழி சுமத்தி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிய வந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மாவு கரையாத ஒரு குழம்பு, ஒரு மனிதரின் பிழைப்பை எரித்துவிட்டது.

இதே திருகோணமலையில் 2006 ஏப்ரல் 12ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்குச் சாமான் வாங்க மக்கள் கூடியிருந்த சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வன்முறையில் கடைகள் எரிந்தன. பல உயிர்கள் போயின. மாண்டவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தார்கள்.

அந்தச் சந்தைப் பகுதியில் இன்று பகல் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நீண்ட மேசையில் தமிழ் அண்ணன் ஒருவர், சிங்கள சாரதி ஒருவர், நம்ம காக்கா ஒருவர், தோளோடு தோள் உட்கார்ந்து சோறு பிசைகிறார்கள். ஒருவர் கேட்காமலேயே மற்றவருக்குத் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைக்கிறார். மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் முஸ்லிம்கள்; மீதிப் பேர் தமிழரும் சிங்களவரும். ஒருவர் கடையில் ஒருவர் சாப்பிடாமல் இந்நகரில் யாரும் பிழைக்க முடியாது.

ஆகவே நேயர்களே, திருகோணமலைக்கு வந்தால் ஒரு வேளை நம்மவர் கடையில் புரியாணி சாப்பிடுங்கள். ஒரு வேளை சைவக் கடையில் தோசை சாப்பிடுங்கள். பிஸ்மி சொல்லி ஆரம்பியுங்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். எழும்பும்போது, சமைத்தவருக்குக் கேட்கும்படி, "சாப்பாடு நல்லா இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். ஏழையும் செல்வந்தரும் ஒரே அளவில் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.